குழாயின் விட்டம்

சாலைக்குக் குறுக்கே ஓர் ஓடை வருகிறது. சாலை அதைத் தாண்டிப் போக, அடியில் ஒரு குழாய் பதித்தாக வேண்டும். பொறியாளர்கள் கல்வெர்ட் என்பார்கள்; மற்றவர்களுக்கு அது சிறுபாலம். குழாயின் விட்டம் 90 சென்டிமீட்டர் போதுமா, 120 வேண்டுமா? சிறிதாகப் போட்டால் ஒரு பெருமழையில் தண்ணீர் சாலையின் மேல் ஏறும், கரையை அரிக்கும், கடைசியில் சாலையையே கொண்டுபோகும். பெரிதாகப் போட்டால் எஸ்டிமேட் ஏறும், தணிக்கையில் கேள்வி வரும்.

இந்தக் கணக்குக்குப் பொறியியல் கல்லூரியில் ஓர் எளிய சூத்திரம் சொல்லித் தருகிறார்கள். மூன்று எண்களைப் பெருக்க வேண்டும். ஒன்று, தண்ணீர் வந்து சேரும் நிலத்தின் பரப்பு. இரண்டு, அந்த நிலத்தில் விழும் நீரில் மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஓடிவரும் பங்கு. மூன்று, மழையின் செறிவு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது. முதல் இரண்டையும் அந்த இடத்தில் கால்வைத்து நடந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதை அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. அது ஒரு புத்தகத்திலிருந்தோ அட்டவணையிலிருந்தோ வருகிறது. பொறியாளர் அதை எடுத்து எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறார்.

அமெரிக்காவில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் அந்நாட்டு வானிலைத் துறைக்காக டேவிட் ஹெர்ஷ்ஃபீல்டு தயாரித்த மழை அட்லஸ் அது. தொழில்நுட்பத் தாள் எண் 40 என்பது அதன் அலுவலகப் பெயர். அரை மணி நேர மழை முதல் ஒரு நாள் மழை வரை, ஆண்டுக்கொரு முறை வரும் மழை முதல் நூறாண்டுக்கொரு முறை வரும் மழை வரை, நாடு முழுவதற்கும் வளைகோடுகளாக அதில் வரைந்திருந்தார்கள். கணினி அரிதாக இருந்த காலத்தில் அது பெரிய சாதனை. பாலம், சிறுபாலம், அணை வழிந்தோடி, வாகன நிறுத்துமிடத்தின் வடிகால் என்று எண்ணற்ற கட்டுமானங்கள் பல பத்தாண்டுகளுக்கு அந்த வளைகோடுகளை நம்பி எழுந்தன.

அந்தக் கோடுகளுக்குள் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் இருந்தது: கடந்த காலத்தில் பெய்த மழை எப்படியோ, வரும் காலத்தின் மழையும் அப்படித்தான். மழைமானிகளில் பதிவான ஆண்டுகளைச் சேர்த்து, அவற்றின் பரவலைக் கண்டு, நூற்றில் ஒன்றாக வரக்கூடிய உச்சத்தைக் கணித்தார்கள். மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கலாம். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் வரம்பு மாறாது என்பதே அடிப்படை.

'நூறாண்டு மழை' என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இவ்வளவு குழப்பம் விளைவித்த தொழிற்சொல் வேறு இருக்குமா தெரியவில்லை. ஒரு முறை வந்துவிட்டால் இன்னும் நூறு ஆண்டுக்கு வராது என்று மக்கள் நினைக்கிறார்கள். சில அதிகாரிகளும் அப்படி நினைக்கிறார்கள். உண்மையில் எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கி ஒருவர் குடியேறினால், கடன் தீர்வதற்குள் அந்த மழையை ஒரு முறையேனும் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். இப்போது அதே மழை 25 ஆண்டுக்கொரு முறை வரும் மழையாகிவிட்டது என்று வையுங்கள். அந்த 26 சதவீதம் 71 சதவீதமாகிறது. வீடு அதே வீடு, வடிகால் அதே வடிகால். சுவரில் ஒரு செங்கல்கூட மாறாமல் அந்தக் குடும்பத்தின் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது.

வரம்பு ஏன் மாறுகிறது என்பது இயற்பியல். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். புயலும் இடிமழையும் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக் கொட்டுபவை. ஈரம் கூடினால் கொட்டுவதும் கூடும். 2008-இல் நீரியலாளர் மில்லியும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். மாறாமை என்ற அந்த அனுமானம் செத்துவிட்டது என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். நீர்ப் பொறியியலில் இவ்வளவு மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் குறைவு.

சரி, செத்துவிட்டது. நாளைக்குக் காலையில் குழாயின் விட்டத்தை எழுத வேண்டியவர் என்ன செய்வார்? பழைய எண் தவறு என்று அவருக்குத் தெரியும். புதிய எண் எது என்று தெரியாது. தானாக ஒரு காலநிலை ஆய்வுக் கட்டுரையைப் படித்து 20 சதவீதம் கூட்டிப் போட்டால், "எந்த விதியில் இருக்கிறது?" என்று மேலதிகாரி கேட்பார். ஒப்பந்தக்காரர் கேட்பார். வழக்கு வந்தால் வழக்கறிஞர் கேட்பார். பொறியியல் என்பது தனிமனிதத் துணிச்சலில் நடக்கும் தொழில் இல்லை. ஊரறிந்த, ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் ஆதாரம் கையில் இருந்தால்தான் அவரால் ஓர் எண்ணை மாற்ற முடியும். தேசியக் காலநிலை மதிப்பீட்டின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் உலகளாவிய மாற்ற ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. நான்கு ஆண்டுக்கொரு முறையாவது, காலநிலை எப்படி மாறுகிறது, அது வேளாண்மையையும் நீரையும் போக்குவரத்தையும் மக்கள் உடல்நலத்தையும் எப்படித் தாக்கும் என்று மதிப்பிட்டு அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். முதல் அறிக்கை 2000-இல் வந்தது. அடுத்தது தாமதமானது; அரசு சட்டத்தை மீறிவிட்டது என்று 2007-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது 2009-இல், மூன்றாவது 2014-இல், நான்காவது 2017-லும் 2018-லுமாக இரு பாகங்களில், ஐந்தாவது 2023 நவம்பரில். நான்காவதின் இரண்டாம் பாகம் வந்தபோது பதவியில் இருந்த நிர்வாகத்துக்கு அதன் முடிவுகளில் உடன்பாடில்லை. ஆனாலும் வெளியிட்டார்கள். சட்டம் இருந்தது.

இந்த அறிக்கைகள் புதிய ஆய்வு செய்வதில்லை. ஏற்கெனவே வெளிவந்த ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் படித்து, எடைபோட்டு, எது உறுதி, எது பாதி உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கின்றன. வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வருகிறது; தேசிய அறிவியல் கழகங்களின் குழு தனியாக ஒரு முறை சோதிக்கிறது. சொற்களுக்கும் அளவு உண்டு. 'வாய்ப்புண்டு' என்று எழுதினால் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நிகழ்தகவு. 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் பத்தில் ஒன்பது. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் வரும் தடக்குறிப்புப் பகுதி. இந்த முடிவுக்கு எந்தச் சான்றிலிருந்து வந்தோம், எங்கே இடைவெளி இருக்கிறது, ஏன் இந்த அளவு உறுதி கொடுத்தோம் என்று ஆசிரியர்கள் அங்கே வெளிப்படையாக எழுதுகிறார்கள். நல்ல பொறியாளரின் கணக்குத்தாளைப் பார்ப்பது போல் இருக்கும்.

ஐந்தாவது அறிக்கையில் பலரும் எடுத்தாளும் ஒரு வரைபடம் உண்டு. மிகக் கனமான 1 சதவீத மழைநாட்களில் விழும் மொத்த மழை 1958-க்குப் பிறகு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வடகிழக்கு மாநிலங்களில் சுமார் 60 சதவீதம். மத்திய மேற்கில் சுமார் 45. மேற்குக் கரையை நெருங்கும்போது மாற்றம் மிகக் குறைவு.

இந்த 60-ஐப் பார்த்ததும் கை துறுதுறுக்கும்: வடகிழக்கில் எல்லாக் குழாய்களின் மழைக்கணக்கையும் 60 சதவீதம் உயர்த்திவிட வேண்டியதுதானே? கூடாது. மழை பெய்யும் நாட்களில் நூற்றுக்கு ஒன்று என்றால் அது ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை வரும் மழை. குழாயும் பாலமும் 25 ஆண்டு, 50 ஆண்டு, நூறாண்டு மழைக்குக் கட்டப்படுபவை. இரண்டும் ஒரே வேகத்தில் வளர வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. போதாக்குறைக்கு அந்த 60 சதவீதத்தில், நாட்கள் கனத்ததும் இருக்கிறது, கனத்த நாட்களின் எண்ணிக்கை கூடியதும் இருக்கிறது. ஒரு நாளின் மழை பெருத்தால் குழாயின் விட்டம் மாறும். அதே அளவு மழை இரண்டு முறை வந்தால் விட்டம் மாறாது, பராமரிப்புதான் கூடும். ஆக, அறிக்கை சொல்வது திசை. அளவை வேறொருவர் எடுத்துத் தர வேண்டும்.

அளவு எடுப்பது பெரிய வேலை. உலகளாவிய காலநிலை மாதிரிகள் பூமியைச் சுமார் நூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் ஒரு மலையும் இரண்டு பள்ளத்தாக்கும் மூன்று நகரங்களும் அடங்கிவிடும். சிறுபாலத்தின் நீர்ப்பிடிப்போ இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. மாதிரியின் முடிவை உள்ளூர் மழைமானிப் பதிவுகளோடு பொருத்திச் சிறு கட்டங்களுக்கு இறக்கும் புள்ளியியல் வேலை ஒன்று இடையில் நடக்கிறது. நான்காவது மதிப்பீட்டுக்காக அப்படி இறக்கிய தரவுகள் சுமார் 6 கிலோமீட்டர் கட்டங்களில் கிடைத்தன. கோடைகால இடிமழை அதைவிடவும் சிறிய இடத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

அறிக்கைக்கும் குழாய்க்கும் நடுவே இன்னும் சில படிகள் உண்டு. மழை அட்லஸ் ஒரு படி. அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளும் விதிநூல் அடுத்த படி. விதிநூலை ஏற்றுக்கொண்டு தீர்மானம் போடும் மாநகராட்சி அதற்கடுத்தது. கடைசியில் டெண்டர் ஆவணம். ஒவ்வொரு படிக்கும் பல ஆண்டுகள் ஆகின்றன; ஒன்றில் தடங்கினால் மேலே உள்ள அறிவு கீழே இறங்குவதில்லை.

அட்லஸ் என்ற படி எவ்வளவு காலம் தடங்கியிருந்தது என்பது வியப்பூட்டும். 1961-இன் வளைகோடுகளுக்கு மாற்றாக, நோவா என்ற அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2004 முதல் 'அட்லஸ் 14' என்ற புதிய தொகுப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. இதற்கு நிலையான மத்திய நிதி இருக்கவில்லை. எந்த மாநிலங்கள் சேர்ந்து பணம் தந்தனவோ அவற்றுக்குப் புதிய தொகுதி வந்தது. வாஷிங்டன், ஓரிகன் போன்ற வடமேற்கு மாநிலங்களுக்கு அட்லஸ் 14 வரவேயில்லை. இடையில் 1973-இல் வந்த அட்லஸிலேயே அவை நின்றன. டெக்சாஸ் மாநிலத்துக்கான தொகுதி 2018 செப்டம்பரில் வந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் ஹார்வி வந்து போயிருந்தது.

2017 ஆகஸ்டு 25 அன்று கரையேறிய ஹார்வி புயல் அதிகம் நகராமல் ஹூஸ்டன் உள்ளிட்ட தென்கிழக்கு டெக்சாஸை நாட்கணக்கில் நனைத்தது. நெடர்லண்டு என்ற ஊரில் மொத்தம் 60.58 அங்குலம், அதாவது சுமார் 154 சென்டிமீட்டர் மழை பதிவானது. உலக வானிலைக் காரணகாரிய ஆய்வுக் குழு, வெப்பமயமாதலால் அந்த மழையின் செறிவு சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது என்று அதே ஆண்டில் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு வந்த அட்லஸில் ஹூஸ்டன் சுற்றுப்புறத்தின் நூறாண்டு மழை, ஒரு நாளைக்கு 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகியிருந்தது. நம் அளவில் 33 சென்டிமீட்டர் என்றிருந்தது 46 சென்டிமீட்டர். பழைய நூறாண்டு மழை அங்கே 25 ஆண்டு மழையாகிவிட்டது. மேலே சொன்ன 26 சதவீதமும் 71 சதவீதமும் கற்பனைக் கணக்கு இல்லை. ஹூஸ்டனில் பல குடும்பங்களின் கணக்கு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 5 அங்குலம் முழுவதும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் சேராது. பழைய அட்டவணைக்குப் பின் சேர்ந்த பல ஆண்டுப் பதிவுகள், கூடுதல் மழைமானிகள், நுட்பமான புள்ளியியல், ஹார்வியின் மழை எல்லாம் அதில் இருக்கின்றன. அட்லஸ் 14-கூட மாறாமை அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. அது வெளியான தேதிவரைக்குமான மழையைச் சொல்கிறதே தவிர, 2070-இன் மழையைச் சொல்லவில்லை.

அந்த எண் வெளியாகும் முன்பே சில கதவுகள் திறந்திருந்தன. ஹார்விக்குப் பிறகு 2018 ஏப்ரலில், வெள்ளச் சமவெளிகளில் எழும் புதிய கட்டடங்கள் 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கும் 2 அடி மேலே தளம் அமைக்க வேண்டும் என்று ஹூஸ்டன் நகர மன்றம் விதி செய்தது. 9 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். அவ்வளவு பெரிய பேரழிவுக்குப் பின்னும் இரண்டு வாக்கு வித்தியாசம். புயலின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தின் வாக்காளர்கள் வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்.

வெர்ஜீனியா பீச் நகரம் எண்ணையே மாற்றியது. தன் பகுதியின் மழைப்பதிவுகளையும் காலநிலைக் கணிப்புகளையும் ஆராய்ந்து, அட்லஸ் 14 தரும் எண்ணின் மேல் 20 சதவீதம் கூட்டி வடிவமைக்க வேண்டும் என்று தன் விதிநூலிலேயே எழுதிக்கொண்டது. இனி அந்த ஊரில் எந்தப் பொறியாளரும் ஏன் கூட்டினாய் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை.

மத்திய அரசின் கதை வேறு. 2015 ஜனவரியில் அதிபர் ஒபாமா ஓர் ஆணை பிறப்பித்தார். மத்தியப் பணத்தில் கட்டும் எதுவும் எதிர்கால வெள்ளத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கு மூன்று வழிகள். காலநிலை அறிவியலின்படி கணக்கிடலாம். அல்லது நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 3 அடி உயர்த்தலாம். அல்லது 500 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டலாம். தரவு உள்ள ஊர் முதல் வழியில் போகட்டும், இல்லாத ஊர் இரண்டடி உயர்த்தட்டும் என்பது மிகவும் நடைமுறைக்கேற்ற யோசனை. 2017 ஆகஸ்டு 15 அன்று அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்தார். பத்து நாள் கழித்து ஹார்வி கரையேறியது. 2021-இல் ஆணை மீண்டது. 2025 ஜனவரியில் மறுபடியும் ரத்தானது. ஒரு பாலத்தைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பத்தாண்டு ஆகும் நாட்டில், அதன் அடிப்படை விதி பத்தாண்டுக்குள் நான்கு முறை புரண்டது.

இந்தப் புரட்டலிலிருந்து விலகி நின்று மெதுவாக நகர்வது தொழில்முறைச் சங்கங்களின் விதிநூல்தான். அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம், கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான தன் விதிநூலில் 2023-இல் வெள்ளம் பற்றிய பகுதியைத் திருத்தியது. சாதாரணக் கட்டடங்களுக்கே நூறாண்டு வெள்ளத்துக்குப் பதில் 500 ஆண்டு வெள்ளம். கடற்கரையில் கட்டடத்தின் ஆயுளுக்குள் உயரப்போகும் கடல் மட்டமும் கணக்கில் சேர வேண்டும்.

எவ்வளவு உயரும்? இங்கே மதிப்பீட்டு அறிக்கைகளின் இன்னொரு முகம் தெரிகிறது. பல துறைகள் சேர்ந்து 2022-இல் வெளியிட்டு, ஐந்தாவது மதிப்பீடும் அடிப்படையாகக் கொண்ட கடல்மட்ட அறிக்கை, அமெரிக்கக் கரைகளில் 2050-க்குள் சராசரியாக 25 முதல் 30 சென்டிமீட்டர் உயர்வு என்கிறது. உலகம் கரியைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஏறிய வெப்பம் அதைத் தீர்மானித்துவிட்டது. 2100-க்குப் போனால் நிலைமை வேறு. உலகச் சராசரிக்கு 0.3 மீட்டர் முதல் 2 மீட்டர் வரை ஐந்து சாத்தியப் பாதைகள்.

பொறியாளருக்கு இது மிக அரிய தகவல். 25 ஆண்டு ஆயுளுள்ள பம்பு நிலையத்துக்கு எந்தப் பாதை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே எண் போதும். நூறாண்டு நிற்க வேண்டிய பாலத்துக்கோ பாதையைத் தேர்ந்தாக வேண்டும். அங்கே கேள்வி அறிவியலிலிருந்து நகர்ந்து விளைவுக்குப் போகிறது: தவறிவிட்டால் யாருக்கு என்ன ஆகும்? கடற்கரைப் பூங்காவின் நடைபாதை மூழ்கினால் மறுவாரம் கழுவிவிடலாம். அதற்கு மிதமான பாதை போதும். மின் துணைநிலையம் மூழ்கினால் நகரமே இருண்டுபோகும். அதற்கு மோசமான பாதையை எடுக்க வேண்டும். நிகழ்தகவைத் துல்லியமாகச் சொல்ல முடியாத இடத்தில், எதை இழக்கத் தயாராக இல்லை என்பதிலிருந்து எண் பிறக்கிறது.

லண்டனில் தேம்ஸ் நதிக்காக வகுத்த திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. பிரிட்டனில் 2008-இன் காலநிலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கொரு முறை அபாய மதிப்பீடு வருகிறது. 2012-இல் உருவான தேம்ஸ் கழிமுகத் திட்டம், 2100-இன் கடல் மட்டம் இதுதான் என்று இன்றே பந்தயம் கட்டவில்லை. கடல் இன்ன மட்டம் தொட்டால் கரையை உயர்த்து, இன்ன மட்டம் தொடுவதற்கு இத்தனை ஆண்டு முன்பே புதிய தடுப்பணைக்கு முடிவெடு என்று பாதைகளாக எழுதிவைத்து, பத்தாண்டுக்கொரு முறை அளந்து பார்க்கச் சொன்னது. 2023-இல் அப்படி அளந்து பார்த்தபோது, இப்போதுள்ள தேம்ஸ் தடுப்பணைக்கு மேற்புறக் கரைகளை உயர்த்தும் கெடு 2065-இலிருந்து 2050-க்கு முன்னே வந்தது. மதிப்பீடு ஒரு முறை வந்து நின்றுவிடாமல் தொடர்ந்து வருவதால்தான் இப்படிப்பட்ட திட்டம் சாத்தியம்.

மழையும் கடலும் மட்டுமல்ல. சாலைத் தாரைக்கூட அந்த ஊரின் உச்ச வெப்பத்தையும் கடுங்குளிரையும் பார்த்துத் தரம் பிரித்துத் தேர்கிறார்கள். அமெரிக்காவில் அந்தத் தேர்வுக்கு வெகுகாலம் 1995-ஓடு முடிந்த வெப்பநிலைப் பதிவுகளே அடிப்படை. அதனால் ஆராய்ந்த இடங்களில் சுமார் 35 சதவீதத்தில் பொருத்தமில்லாத தரம் தேர்வாகியிருக்கிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வெயிலில் தார் இளகிச் சக்கரத்தடம் பதிவதற்கு நாம் ஒப்பந்தக்காரரைத் திட்டுகிறோம். சில இடங்களில் குற்றவாளி ஒரு பழைய அட்டவணை.

நம் நாட்டிலும் இப்படி ஓர் அறிக்கை உண்டு. 2020 ஜூனில் புவி அறிவியல் அமைச்சகம், புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளின் தலைமையில், இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றத்தை மதிப்பிட்டு முதல் முறையாக ஒரு நூலை வெளியிட்டது. 1901 முதல் 2018 வரை சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. 1951-க்கும் 2015-க்கும் இடையே தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டும் மழைகளின் எண்ணிக்கை 1950 முதல் 2015 வரை சுமார் 75 சதவீதம் கூடியிருக்கிறது. மொத்தம் குறைகிறது, கொட்டுவது கூடுகிறது. குளத்தை வெட்டுபவருக்கும் வடிகாலைக் கட்டுபவருக்கும் இதைவிட முக்கியமான செய்தி இருக்க முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்தவர்களுக்கு ஹூஸ்டனின் 46 சென்டிமீட்டர் தூரத்துக் கதையாகத் தோன்றாது. இத்தனை ஆண்டுக்கொரு முறை இந்த அறிக்கை வந்தாக வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. அது வேண்டும். அந்த 75 சதவீதத்தை நெல்லை, தூத்துக்குடி வடிகால்களின் அகலமாக மொழிபெயர்க்கும் படிகளும் வேண்டும்.

கலிபோர்னியா அந்த மொழிபெயர்ப்பையே சட்டமாக்கியது. 2016-இல் இயற்றிய சட்டத்தின்படி, காலநிலைக் கணிப்புகளை மாநிலக் கட்டுமானப் பொறியியலில் எப்படிச் சேர்ப்பது என்று கண்டறிய விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் ஒரே குழுவில் உட்காரவைத்தார்கள். 2018-இல் அறிக்கை வந்தது. தேசிய அளவில் 2022-இல் நிறைவேறிய மழைச் சட்டம், மழை அட்லஸைப் பத்தாண்டுக்கொரு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்றது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் தந்த நிதியில் 'அட்லஸ் 15' தொடங்கியது. மாறாமை அனுமானத்தைக் கைவிட்ட முதல் தேசிய மழை அட்லஸ் அது. முதல் தொகுதி, பதிவுகளில் ஏற்கெனவே தெரியும் போக்கைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது, வரும் காலத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மாதிரிகளிலிருந்து சொல்லும். 2024-இல் மொன்டானா மாநிலத்துக்கு மட்டும் ஒரு முன்னோட்டம் வெளியிட்டார்கள். 1973-இன் அட்லஸில் நின்றுபோன மாநிலங்களில் மொன்டானாவும் ஒன்று.

படிகள் ஒருவாறு இணையத் தொடங்கிய இந்த நேரத்தில்தான் முதல் படி ஆட்டம் கண்டது. 2025 ஏப்ரலில், ஆறாவது தேசிய மதிப்பீட்டுக்காகச் சேர்ந்திருந்த சுமார் 400 ஆசிரியர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஜூன் 30 அன்று முந்தைய மதிப்பீடுகளைத் தாங்கியிருந்த அரசின் இணையதளம் மறைந்தது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியமும் அமெரிக்க வானிலைச் சங்கமும் அந்த இடைவெளியில் ஆய்வுகளைத் தொகுக்க முன்வந்தன. அறிவு தொடரும். ஆனால் "எந்த விதியில் இருக்கிறது?" என்ற கேள்விக்கு, சட்டம் கேட்டு அரசு தந்த அறிக்கை என்ற பதில் கிடைத்துவந்தது. அந்தப் பதில் கையை விட்டுப் போகிறதே என்பதுதான் என் கவலை.

அப்படி ஒரு பதிலும் இல்லாத காலத்தில் செய்த ஒரு வேலை பாஸ்டனில் இருக்கிறது. துறைமுகத்தின் டீர் தீவில், நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம். 1980-களின் இறுதியில் அதை வடிவமைத்தபோது 1990-இன் சட்டம் இல்லை, மதிப்பீடு இல்லை, விதிநூலில் கடல்மட்ட உயர்வு பற்றி ஒரு வரி இல்லை. சுத்திகரித்த நீர் புவியீர்ப்பிலேயே சரிந்து இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். கடல் உயர்ந்தால் நிலையத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டிவரும். சுவர் எழுந்தால் நீரை அதன் மேலே தூக்கி வெளியேற்றப் பம்புகள் வேண்டும், அதற்கு மின்சாரம், அதுவும் என்றென்றும். வடிவமைத்தவர்கள் இதை யோசித்து, முழு நிலையத்தையும் 1.9 அடி உயர்த்திக் கட்டினார்கள். 1998-இல் வேலை முடிந்தது. சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் வழியே, அந்த நீர் இன்றும் தானாகவே கடலுக்குள் இறங்குகிறது.